கஞ்சிக்கடை மூடல்

பழைய சந்தைக் கட்டிடத்தின் வடக்கு வாசலுக்கும் என் கடைக் கல்லாவுக்கும் நடுவே பதினெட்டுத் தப்படி தூரம். மழை நாளில் இருபத்தொன்று. சாக்கடையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இரண்டையும் நடந்து எண்ணியிருக்கிறேன். தென்காசியில் கோயிலை ஒட்டிய வீதியொன்றில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கிறவன் நான். அட்டை மங்கி விற்காமல் போகும் நோட்டுகளில் வருஷத்துக்கு ஒன்றை எனக்கென்று எடுத்துக்கொள்வேன். கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணில் படுவதை, நாளுக்கு ஒரு பக்கமென்று, எழுதுவேன். வரவு செலவுக்கு வேறு நோட்டு உண்டு. இதில் மழை வந்த நேரம், தேர் நிலைக்கு வந்த நேரம், சந்தையில் எந்தக் கடை திறந்தது, எது மூடியது என்பவை இருக்கும். வருஷத்தில் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டுக் குற்றாலம் போய்க் குளித்து வருவேன். அதற்கும் ஒரு வரி. இப்படி இருபத்திரண்டு நோட்டுகள் சேர்ந்திருந்தன.

நிறையப் படிக்கிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு. தேதி தவறாதவன் என்றும் சொல்வார்கள். அந்தப் பேரில் எனக்குப் பெருமை இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

சந்தையின் வடக்கு வாசலுக்கு உள்ளே, இடது பக்கத்து முதல் தூணடியில் ஒரு பெண் உளுத்தங்கஞ்சி விற்றாள். கறுப்பு உளுந்தை வறுத்து உடைத்து, அரிசியும் பூண்டும் வெந்தயமும் போட்டுக் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து இறக்குவாள். விடிவதற்குள் மூட்டை இறக்குகிறவர்கள் வந்து நின்று குடிப்பார்கள். அவள் புருஷனும் முன்பு மூட்டை இறக்கியவர்தான். வெங்காய லாரியிலிருந்து விழுந்து முதுகு போனபின், தூணில் சாய்ந்து உட்கார்ந்து தேங்காய் துருவுவது அவர் வேலை. எழுந்து நிற்க யாராவது கை கொடுக்க வேண்டும். அவளுக்கு வலது மணிக்கட்டில் வெந்த தழும்பு ஒன்று, பூவரச இலை அளவுக்கு.

பக்கத்துத் தூணில், என் கல்லாவிலிருந்து தெரியாத மறைவில், நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கிற ஒருவர். என்னைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை காக்கா பறந்துச்சுன்னு எழுதியாச்சா?"

நான் பதில் சொல்லுமுன் கஞ்சிக்காரி புருஷன் தேங்காய்த் துருவலிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "ஏழு காக்கா எழுதியிருக்காவ. எட்டாவதா உம்ம பேரை எழுதியிருக்காவ வேய்."

ஆனி மாதம் மேற்கே மலை தெரியாமல் மேகம் இறங்கி, கணவாய்க் காற்று தெருவுக்குள் சாரலைக் கொண்டுவந்துவிட்டால் சந்தையில் பாதிப் பேர் குற்றாலத்துக்குக் கிளம்புவார்கள். சிப்ஸ்காரர் உட்பட அவர்களுக்குச் சீசன் மூன்று மாதமும் அங்கேதான் பிழைப்பு. கஞ்சிக்காரியும் பாத்திரங்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி, புருஷனை முன்சீட்டில் உட்கார்த்தி வைத்து, மேலகரம் வழியாகப் போய், அருவிக்குப் போகிற பாதையில் மிளகாய் பஜ்ஜி போடுவாள். நனைந்த தலையோடு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சுடச்சுட அதுதான் வேண்டும். ஆவணிக் கடைசியில் திரும்பி வந்து மறுபடி கஞ்சி.

போகிறபோது தன் அடுப்புக் கற்கள் மூன்றையும் தூணடியிலேயே விட்டுவிட்டுப் போவாள். குற்றாலம் போகிற எல்லாரும் அப்படித்தான். மூன்று கல் கிடக்கிற இடத்தில் வேறு ஒருத்தர் கூடை இறக்க மாட்டார். யாரும் போட்ட சட்டம் இல்லை. யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் நானும் அதை எழுதவில்லை. என் நோட்டில் ஒவ்வொரு ஆனியிலும் இருந்தது இவ்வளவுதான்: "இன்று கஞ்சிக்கடை மூடல்." ஆவணியில்: "கஞ்சிக்கடை திறப்பு."

கட்டிடத்தைச் சீரமைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வெகுநாளாக இருந்தது. ஒரு ஆடி மாதத்தில், அவள் குற்றாலத்தில் இருந்தபோது, வடக்கு வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஆவணியில் வண்டி வந்து தகரத்துக்கு முன்னால் நின்றது. அவள் இறங்கித் தகரத்தின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

"கல்லு கெடக்கா?" என்று வண்டிக்குள்ளிருந்து புருஷன் கேட்டார்.

"கெடக்கு," என்றாள்.

நான் அப்புறம் அதே இடுக்கில் பார்த்தேன். தூணடியில் ஒன்றுமில்லை. தரையையே பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அவள் புருஷனுக்காகச் சொன்ன பொய் அது. அந்த நோட்டில் "திறப்பு" என்று எழுத எனக்கு எதுவும் இருக்கவில்லை.

வேலை முடிய இரண்டு வருஷம் ஆனது. அதுவரை சந்துக்குள் ஒரு தள்ளுவண்டியில் கஞ்சி விற்றாள். சீசனுக்கு வழக்கம்போல அருவிக்குப் போனாள். தகரத்துக்குப் பின்னால் சுண்ணாம்பை அரைத்துப் பழைய முறைப்படி பூசினார்கள், ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கழுவி ஏற்றினார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. தூண்களில் கரி போனபிறகு உள்ளே இருந்த வேலைப்பாடு தெரிந்தது. காய்கறி மொத்த வியாபாரம் ஊருக்கு வெளியே போய்விட்டது. இங்கே இனி சாப்பாட்டுக் கடைகள் மட்டும், கண்ணாடிக் கதவு, ஏசி, நடுவில் பொது மேசைகள் என்று அறிவித்தார்கள். சுற்றுலா வருகிறவர்கள் கோயிலைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து ஊர்ச் சாப்பாடு சாப்பிடுவார்களாம்.

தை மாதம் பொங்கல் கழிந்து முதல் திங்களன்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டியது சந்தைச் சீரமைப்புக்கென்று ஏற்படுத்திய குழு. அங்கே தொழிலை விடாமல் செய்துவந்த பழைய ஆட்களுக்குச் சில கடைகள் ஒதுக்கப்படும், அதற்கு எழுத்தில் சான்று வேண்டும், எந்த வருஷத்திலாவது இரண்டு மாதத்துக்கு மேல் தொழிலைக் கைவிட்டிருந்தால் இடம் இல்லை. சான்று இல்லாதவர்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பரிசீலிப்பார்கள். கடைகள் திறந்தபின் சுற்று வீதிகளில் தள்ளுவண்டி கூடாது என்பதும் அதே தாளில் கடைசியில் இருந்தது. அதாவது, உள்ளே இடம் கிடைக்காவிட்டால் அவளுக்கு வெளியேயும் இடம் கிடையாது.

அவள் தாளை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். சிப்ஸ்காரரும் நின்றார்.

"உறுதிமொழி எழுதிக் குடுத்துட்டுப் போவோம். நமக்கு ஏது சான்று," என்றார் அவர்.

"உங்களுக்கு இல்லை. இவளுக்கு இருக்கு," என்றேன் நான்.

இருபது வருஷத்துக்கு மேல் தேதி வாரியாக அவள் கடை என் நோட்டில் இருக்கிறது என்று சொன்னேன். அவள் முகத்தில் வந்த நிம்மதி எனக்குப் பிடித்திருந்தது. வெறும் உறுதிமொழியைவிட இது எத்தனை பலம் என்று நானே சொல்லி, நானே நோட்டுகளைக் கட்டி, மாசி மாதம் விசாரணை நாளில் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

குழுவின் எழுத்தர் செங்கோட்டைப் பக்கத்து இளைஞர். மரியாதையாக நாற்காலி போட்டார். நோட்டுகளைப் பார்த்து வியந்தார். பத்து நாள் வைத்திருந்து படித்தார். பிறகு என்னையும் அவளையும் கூப்பிட்டார்.

"சார், ஒவ்வொரு வருஷமும் கடை மூடல்னு எழுதியிருக்கீங்க. மூணு மாசம் கழிச்சுத் திறப்பு. தகரம் அடைக்கிற வரைக்கும் ஒரு வருஷம் தப்பாம."

"அது சீசன் தம்பி. குற்றாலத்துக்குப் போவாங்க. எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும் சார். குழு பேப்பரைத்தான் பார்க்கும். அங்கே போய்த் தொழில் செய்தாங்கன்னு இந்த நோட்டுல எங்கேயாவது இருக்கா?"

"இல்லை. இது இந்தத் தெருவைப் பற்றிய குறிப்பு மட்டும்தான்," என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

அவர் பேனாவைத் திருகினார். "அப்படின்னா ஒரு வரி எழுதிக் குடுங்க சார். மூடல்னு எழுதினது தவறுன்னு ஒரு வரி மதி." போதும் என்பதற்கு அவர்கள் பக்கத்தில் மதி என்பார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் அவள் என் கடைக்கு வந்தாள். எந்த நாளும் கடைப்படி ஏறாதவள், அன்று ஏறி உள்ளே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அந்த ஒரு வரியை எழுதிக் குடுத்துருங்க. நாளைக்கே."

"தப்பா எழுதிட்டேன்னு எப்படிம்மா எழுத? இருபத்திரண்டு வருஷமும் தப்பா எழுதினேன்னா அந்த நோட்டுக்கே மதிப்பு இல்லையே. உன் கடை அங்கே இருந்ததுங்கிறதையும் நம்ப மாட்டாங்க."

"நம்பலைன்னா போவுது. அவரு கேட்டது ஒரு வரிதான."

"நான் விவரமா எழுதித் தாரேன். சாரல், சீசன், கல்லு வைக்கிற வழக்கம், எல்லாம். ஒருத்தரும் மறுக்க முடியாதபடி எழுதுதேன்."

"வெவரம் யாருக்கு வேணும் அண்ணாச்சி? அந்த மனுஷனுக்கு ராத்திரி திரும்பிப் படுக்க முடியலை. சந்துக்குள்ள வெயிலு. உள்ள ஒரு எடம் கெடைச்சா சாஞ்சு உக்காருவாருன்னு பாக்கேன்."

"நான் பார்த்துக்கிடுதேன்," என்றேன்.

நான்கு பக்கம் எழுதினேன். மூன்று நாள் எழுதினேன். இந்த ஊர்ச் சந்தைக்கும் அருவிக்கும் உள்ள உறவு, பருவக்காற்று வரும் வழி, இடம் பிடித்து வைக்கும் வழக்கம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். நான் படித்த புத்தகங்களிலிருந்து பிற ஊர்ச் சந்தைகளை ஒப்பிட்டேன். என் நோட்டில் உள்ள தேதிகள் எல்லாம் சரியானவை என்று முதல் பத்தியிலேயே உறுதி கூறினேன். அதை எழுதியபோது எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. இரண்டு படி எடுத்து ஒன்றை நான் வைத்துக்கொண்டேன்.

பங்குனி இரண்டாம் வெள்ளியன்று பட்டியல் ஒட்டினார்கள். சிப்ஸ்காரர் பேர் இருந்தது. அவள் பேர் இல்லை. காரணம் கேட்டதற்கு எழுத்தர் என் கடிதத்தின் முதல் பத்தியைக் காட்டினார். தேதிகள் எல்லாம் சரியானவை என்று சாட்சியே உறுதி கூறிவிட்டார், பின்னால் சொல்லப்படும் விளக்கம் இப்போது எழுதப்பட்டது, அந்தந்தக் காலத்தில் எழுதியது "மூடல்" என்றுதான் இருக்கிறது. குழு அப்படித்தான் முடிவு செய்திருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

வெளியே சிப்ஸ்காரர் நின்றார். அவர் கிண்டல் செய்கிற குரலில் பேசவில்லை. "என்னைப் பத்தி எவனும் நோட்டு எழுதலை அண்ணாச்சி. பொழைச்சேன்," என்றார். அதன்பிறகு காக்காய் எண்ணிக்கையை அவர் கேட்டதே இல்லை.

வைகாசியில் திறப்பு விழா. நானும் அழைக்கப்பட்டிருந்தேன், ஏனென்றால் வாசல் பக்கச் சுவரில் சந்தையின் வரலாறு என்று பெரிதாக எழுதி வைத்திருந்த வரிகளில் பாதி என் நோட்டுகளிலிருந்து எடுத்தவை. கீழே படங்கள். ஒன்றில் ஒரு கை அகப்பையால் கஞ்சி ஊற்றுகிறது. முகம் படத்துக்குள் வரவில்லை. மணிக்கட்டில் தழும்பு இருந்தது.

உள்ளே குளிராக இருந்தது. புரோட்டாவும் மந்தி பிரியாணியும் பீட்சாவும் கேக்கும் இருந்தன. இடது பக்கத்து முதல் தூணடியில் வெளியூர்க் கடை ஒன்று பாரம்பரிய உணவு என்று பலகை வைத்து, சிறு மண்கோப்பையில் உளுத்தங்கஞ்சி விற்றது. ஒன்று வாங்கினேன். உளுந்தை வறுக்கவில்லை. பச்சை வாடை அடித்தது. பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை, கோப்பையை எங்கே வைப்பதென்று தேடினேன். எல்லாக் கடைக்கும் பொதுவாகத் தட்டு கழுவுகிற அறை ஒன்று பின்னால் இருந்தது. கதவில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு. அதில் கோப்பையை வைத்தேன். உள்ளிருந்து எடுத்த கையில் தழும்பு இருந்தது.

"கஞ்சியை மிச்சம் வைக்காதீங்க அண்ணாச்சி. கழுவ ஒட்டுது," என்றாள்.

 எனக்குப் பின்னால் ஆட்கள் தட்டுகளோடு நின்றார்கள்.

ஆனியில் மேகம் இறங்கியது. தெருவெல்லாம் சாரல். சிப்ஸ்காரர் உள்ளே கடையை ஆள்விட்டு நடத்தி, தான் குற்றாலத்துக்குப் போனார். அவள் போகவில்லை. சீசனில்தான் இங்கே கூட்டம், தட்டு கழுவுகிறவர்களுக்கு அப்போது லீவு கிடையாது. புருஷனைத் தனியே விட்டுவிட்டு ஒருத்தியாக அங்கே போய் அடுப்புப் போடவும் முடியாது. ஒரு சீசன் வராவிட்டால் அருவிப்பாதை இடமும் போய்விடும். போய்விட்டது. வேறு யாரோ அங்கே போண்டா போடுவதாகச் சிப்ஸ்காரர் வந்து சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. என் கடைக்கு வந்தவரிடம், என் காதில் விழும்படி.

ஆடி மாதம், ஒரு மழை நாளில், வியாபாரம் இல்லாமல் குழுவிலிருந்து திரும்பி வந்த நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பிரித்தேன். ஆனியில் "இன்று கஞ்சிக்கடை மூடல்." நான்கு பக்கம் தள்ளி என் கையெழுத்தில் ஒரு வரி: "குற்றாலம் சென்றேன். பெரிய அருவியில் தண்ணீர் அதிகம். குளித்துவிட்டு நம் கஞ்சிக்காரியிடம் பஜ்ஜி தின்றேன். காரம்."

அடுத்த நோட்டை எடுத்தேன். "ஐந்தருவி. கஞ்சிக்காரி கடையில் பஜ்ஜி. மழை விடவில்லை." அதற்கடுத்தது. ஒரு வருஷம் "அவள் புருஷன் நலம் விசாரித்தார்" என்று இருந்தது. இருபத்திரண்டு நோட்டில் பதினேழில் அந்த வரி இருந்தது. நான் அநேகமாக ஒவ்வொரு வருஷமும் போய், அவள் கையால் வாங்கித் தின்றுவிட்டு வந்து, எழுதியும் வைத்திருக்கிறேன். அது தெருக் குறிப்பு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் குளியல், என் பொழுதுபோக்கு. அவள் தொழிலைப் பற்றிய சான்று என்று நான் நினைத்திருக்கவில்லை. கடை மூடவே இல்லை. நான் மூடல் என்று எழுதியது தவறு. அவள் கேட்ட அந்த ஒரு வரி பொய்யல்ல, உண்மை.

குடை எடுக்காமல் எழுத்தரிடம் ஓடினேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கடைகள் எல்லாம் மூன்று வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்டு முடிந்துவிட்டன என்றார். "நான் அன்னைக்கே கேட்டேனே சார். இதுல ஒண்ணைக் காட்டியிருந்தா மதி." அவரும் அந்தப் பக்கங்களைப் படித்தவர்தான். சாரின் சொந்த விஷயம் என்று தாண்டிப் போனதாகச் சொன்னார்.

மறுநாள் அந்த அறையின் பின்வாசலில் நின்று அவளுக்குச் சொன்னேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். ஆச்சரியம் எதுவும் இல்லை அவள் முகத்தில்.

"நாந்தான சுட்டுக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா? வருசா வருசம் ரெண்டு தின்னுட்டு, காரம் கூடிப்போச்சுன்னு சொல்லுவிய."

"ஏம்மா அன்னைக்கே சொல்லலை?"

"சொன்னேனே. அருவிக்குத்தான போனோம், நீங்களே வருவியளேன்னு அந்தத் தம்பி முன்னாலயே சொன்னேன். நீங்க நோட்டுல இல்லைன்னிய."

சொல்லியிருப்பாள். எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நான் அவளைப் பேசவிட்டதாகவே நினைவில்லை.

அவர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். புருஷனுக்குக் காலும் மரத்துக்கொண்டு வந்தது. திருப்பூரில் அவள் தங்கை இருக்கிறாள், பனியன் கம்பெனியில் ஏதாவது வேலை, வீட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி.

"எப்போ?" என்றேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிருக்க வேண்டும். அங்கே எப்போதும் ஒரு சிறு நோட்டு வைத்திருப்பேன்.

அவள் கையைப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. நாங்க போற நாளை எழுதாதீங்க."

"சரிம்மா."

"எழுதினா மூடல்னுதான் எழுதுவிய. வேற எப்படி எழுதுவிய?"

நடந்ததை வேறு எங்காவது எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தாள். உள்ளே யாரோ தட்டு தீர்ந்துவிட்டது என்று கத்தினார்கள். "பேரு போடாம எழுதுங்க. அந்த நாளை மட்டும் போடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதைக் கல்லாவில் இருந்தபடி பார்த்தேன். குட்டியானை வண்டிதான். பாத்திரங்களில் பெரிய கஞ்சிப்பானை இல்லை, விற்றிருப்பார்கள். முன்சீட்டில் அவரை ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. சிப்ஸ்காரர் ஒரு பக்கம் பிடித்தார். நான் எழுந்து சாக்கடை வரைக்கும் போனேன். அதற்குள் ஏற்றிவிட்டார்கள்.

அன்றைய பக்கத்தில் நான் எதையும் எழுதவில்லை. மறுநாள் உட்கார்ந்து மழை நேரத்தை எழுதப் போனபோதுதான் உறைத்தது. முந்தின பக்கமும் அடுத்த பக்கமும் நிரம்பியிருந்தால், நடுவே காலியாக இருக்கும் பக்கமே அந்தத் தேதியைக் காட்டிக்கொடுத்துவிடும். பேனாவை மூடி வைத்தேன். அதன்பிறகு அந்த நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.